கெனேதோ ஏரியின் மூடி

இடிக்கும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

உறைந்த ஏரியில் மூன்று பக்கமும் ரம்பம் விட்டு அறுத்த பனிக்கட்டியை மேலே இழுத்துப் போட வேண்டும், அதுதான் ஒழுங்கு. அதற்காகவே ஓகியம்மா தன் இரும்பு இடுக்கியை இரவல் கொடுத்திருந்தாள். "மத்தியானத்துக்கு மேல பனி ஸ்கூட்டரைக் கொண்டாந்து நானே இழுத்துத் தர்றேன், அதுவரைக்கும் கையை வெச்சிக்கிட்டு சும்மா இருங்க சார்" என்றும் சொல்லியிருந்தாள். சும்மா இருப்பது டோகாஷிக்கு வராது. இடுப்பு வலி, மூக்கடைப்பு, யார் எதை ஒழுங்கு என்று சொன்னாலும் அதைக் கோணலாகச் செய்து பார்க்கும் வியாதி, இந்த மூன்றும் அவனுக்கு உண்டு. மூன்றாவது மட்டும் பிறவியிலேயே வந்தது.

இடுக்கியின் பற்களைக் கட்டியில் பதித்தான். தம் கட்டி இழுத்தான். கட்டி அசையவில்லை, இடுப்பு அசைந்தது. "போ சனியனே" என்று கட்டியின் ஒரு முனையில் பூட்ஸ் காலை வைத்து அமுக்கித் தள்ளினான். அது சாய்ந்து, ஏரியின் பனிக்கூரைக்கு அடியில் நழுவிப் போனது. அதைக் கடித்துக்கொண்டிருந்த இடுக்கியும் கூடவே போனது. இடுக்கியைப் பிடித்துக்கொண்டிருந்த வலது கையுறையும் போனது. கை மட்டும் எப்படியோ அவனிடம் தங்கிவிட்டது.

போனால் போகட்டும். பனிக்கட்டி மிதக்கிற சாமான், எங்கே போய்விடும்? அடியில் தள்ளிவிட்டால் நாலு அடி தள்ளிப் போய், கூரையில் ‘டம்’ என்று முட்டி, அங்கேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். பத்து ஏரிகளில் இதைச் செய்திருக்கிறான். காற்று பனித்தூளையெல்லாம் பெருக்கித் தள்ளியிருந்ததால் காலுக்கு அடியில் ஏரி கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்தது. குனிந்தால் கட்டி தெரிய வேண்டும். குனிந்தான். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். தூரத்தில் மீன்பிடிக் கூடாரங்களிலிருந்து ஒரு ரேடியோவின் கரகரப்பு. பைன் மரக் கிளையிலிருந்து பனி சரியும் ஓசை. அடியில் ஒன்றும் இல்லை. முட்டவில்லை, உரசவில்லை. கீழே யாரோ கை நீட்டி, ஓசைப்படாமல் வாங்கி வைத்துக்கொண்டதைப் போல இருந்தது.

"அண்ணே, கட்டி எங்கண்ணே?"

உசுகி, துளைக்கு அருகே அவர்கள் போட்டிருந்த கூடாரத்திலிருந்து தலையை நீட்டியிருந்தான். டோகாஷியின் தங்கை மிட்சுயோவைக் கட்டியவன். மனைவியின் அண்ணனையும் அண்ணன் என்றே கூப்பிடுகிற ஊர் அது.

"கரைஞ்சு போச்சு."

"கரைஞ்சா? இந்தக் குளிர்லயா?"

"உன் மூஞ்சியைப் பார்த்து வெட்கத்துல கரைஞ்சிருக்கும். போய் சிலிண்டரை எடுத்து வை."

டோகாஷிக்கு உலகத்தில் யாரையும் பிடிக்காது என்று ஊரில் பேச்சு. உண்மை அவ்வளவு மோசமில்லை. பிடித்தவர்களைத் திட்டுவான், பிடிக்காதவர்களைத் திட்டிக்கொண்டே காசு வாங்குவான். ஒபிஹிரோ நகரில் அவன் நடத்திய ஸ்கூபா முங்குநீச்சல் கடை கோடையில் ஈ ஓட்டும். குளிர்காலத்தில்தான் டோக்கியோவிலிருந்து ஆட்கள் வருவார்கள். உறைந்த ஏரிக்கு அடியில் அரை மணி நேரம் நடுங்கிவிட்டு, வாழ்க்கையே மாறிவிட்டது என்று கண்ணீர் விடுவார்கள். மாறாது. திங்கட்கிழமை அதே ரயிலில் அதே கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள். அப்படி ஒரு கூட்டம் நாளைக்குக் கெனேதோவுக்கு வருகிறது. அதற்கு முன் இன்று ஒருவர் இறங்கி அடிமட்டத்தைப் பார்த்து வர வேண்டும். டோகாஷிக்கு மூக்கடைப்பு. அடைத்த மூக்கோடு ஆழத்துக்குப் போனால் காது கிழியும்.

ஆகவே உசுகி.

உசுகியிடம் ஒரு குறை உண்டு. அவன் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. சொல்ல மாட்டான் என்பதில்லை, சொல்லத் தெரியாது. பிடிக்காததைக் கேட்டால் கழுத்தைத் தடவிக்கொண்டு, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, "அது வந்துண்ணே... கொஞ்சம்..." என்று இழுப்பான். வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். அந்தக் ‘கொஞ்சம்’ என்பதற்கு அந்த நாடு முழுவதும் ஒரே அர்த்தம்தான்: முடியாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். டோகாஷிக்கும் தெரியும்.

காலையில் வேனில் வரும்போது கேட்டிருந்தான்.

"இன்னிக்கு நீ எறங்குறியாடா?"

கழுத்துக்குக் கை போனது. "அது வந்துண்ணே... அந்த ஏரி... கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன? கொஞ்சம் குளிரா? கொஞ்சம் அழகா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க? எறங்குறேன், எறங்கமாட்டேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

உசுகி சன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தான்.

"சரி, எறங்குற" என்று டோகாஷியே முடித்துவிட்டான்.

மிட்சுயோ முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தாள்: "அண்ணே, அவரு முடியாதுன்னு சொல்லவே மாட்டாரு. நீதான் பார்த்துப் புரிஞ்சிக்கணும். பத்திரமா அவரைத் திருப்பிக் கூட்டிட்டு வா." "உன் புருஷன் என்ன பீங்கான் கோப்பையா?" என்று கேட்டுவிட்டு வைத்தான். வைத்த பிறகு போய் உசுகியின் மூச்சுக்கருவி ரெகுலேட்டரைக் கழற்றி, வாய்க் கடிப்பிலிருந்து வால்வு வரை ஒவ்வொரு துண்டாகத் துடைத்துப் பூட்டினான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"கீழ போறப்ப அந்த இடுக்கியையும் பொறுக்கிட்டு வா. இல்லாட்டி அந்தப் பொம்பளை நம்ம தோலை உரிச்சிடுவா."

உசுகி தண்ணீர் புகாத உடுப்புக்குள் ஏறி, தலைமூடியை இழுத்து மாட்டி, மஞ்சள் கையுறைகளை அணிந்து, முக்கோணத் துளையின் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்தான். டோகாஷி அவன் இடுப்புப் பட்டையில் கயிற்றின் கொக்கியை மாட்டி, திருகு மூடியை இறுக்கினான். பனிக்கு அடியில் போகிறவனுக்குக் கயிறுதான் வழி, கயிறுதான் வாய். ஒரு இழுப்பு: நலமா? பதிலுக்கு ஒரு இழுப்பு: நலம். இரண்டு இழுப்பு என்றால் மேலே வா. பதிலுக்கும் இரண்டு: வருகிறேன். விடாமல் இழுத்தால் ஆபத்து. அவ்வளவுதான் மொழி. இதில் ‘அது வந்து’வுக்கும் ‘கொஞ்ச’த்துக்கும் இடமில்லை என்பதில் டோகாஷிக்கு ஒரு திருப்தி.

உசுகி தண்ணீரைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான்.

"அண்ணே."

"என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே."

மூழ்கினான்.

விளக்கின் பச்சை வெளிச்சம் பனிக்கு அடியில் சிறிது தூரம் தெரிந்தது, பிறகு ஆழத்தில் மங்கியது. அவன் விடும் மூச்சுக் குமிழ்கள் மேலே வந்து கூரையில் அப்பி, வெள்ளிக் காசுகளாகச் சப்பையாகி, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. அவற்றைப் பார்த்தே ஆள் எங்கே போகிறான் என்று சொல்லிவிடலாம். குமிழ்கள் கிழக்கே, நாணல் மேட்டுப் பக்கம் போயின. கயிறு டோகாஷியின் விரல்களுக்கு நடுவே சீராக நழுவியது. ஒரு இழுப்பு இழுத்தான். ஒரு இழுப்பு வந்தது. கெட்டிக்காரன். இவனைப் போய் மனதுக்குள் கெட்டிக்காரன் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

பனி ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஓகியம்மா காது மடல் தொப்பியும் சிவந்த மூக்குமாக இறங்கினாள். ஏரியில் மீன்பிடிக் கூடாரங்களை வாடகைக்கு விடுகிறவள். விரல் நீள மீனுக்காக நாள் முழுக்கத் துளையைப் பார்த்துக் குந்தியிருக்கும் ஆட்களுக்குக் கூடாரம், அடுப்பு, திட்டு எல்லாம் அவளிடம் ஒரே விலைக்குக் கிடைக்கும்.

"என்ன முத்துக்குளிக்கிறவரே, எனக்காகக் காத்திருக்கல போல?"

"உங்க ஸ்கூட்டர் வர்றதுக்குள்ள வசந்தம் வந்துடும்னு நெனச்சேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துளையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பக்கம் பார்த்தாள், மறு பக்கம் பார்த்தாள். சிரிப்பு வாயில் அப்படியே நின்றது, யாரும் அதை எடுத்து வைக்கச் சொல்லாததால்.

"கட்டி எங்க சார்?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"தள்ளி விட்டுட்டேன். உங்க இடுக்கியும் போச்சு, ஆளை அனுப்பியிருக்கேன், வந்துரும்."

அவள் கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். "காலையிலேயே சொன்னேனே சார். மேல எடுத்து வைங்க, போறப்ப அதே இடத்துல அதே முகம் மேல இருக்கிற மாதிரி வைங்கன்னு."

"சொன்னீங்க. ஏன்னு சொல்லலையே."

"இங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம்."

"அதான் ஏன்?"

ஓகியம்மா, ஊரையே வாயால் விரட்டுகிறவள், கழுத்தைத் தடவிக்கொண்டாள். "அது வந்து..." என்றாள். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினாள். "கொஞ்சம்..."

டோகாஷிக்குச் சிரிப்பு வந்தது. "உங்களுக்குமா? இந்த ஏரித் தண்ணியில என்ன கலந்திருக்கு? ஒருத்தருக்கும் ஒரு வாக்கியத்தை முடிக்க வரலை!"

"உங்க ஆளை மேல கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"கூப்பிடுங்க சார்."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. ஸ்கூட்டரைத் திருப்பி கூடாரங்களை நோக்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் ரேடியோ நின்றது. ஒரு கூடாரம் மடிந்து விழுந்தது, பிறகு பக்கத்திலிருந்தது. ஆட்கள் பேச்சில்லாமல் தூண்டிலைச் சுருட்டினார்கள். ஒவ்வொருவரும் குனிந்து, தன் துளைக்கு அருகே வைத்திருந்த பனிவில்லையை எடுத்து, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று திருப்பிப் பார்த்து, துளையில் பொருத்தி, பூட்ஸ் காலால் மெல்லத் தட்டி அமர்த்தினார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் கதவை ஒரு முறை தள்ளிப் பார்ப்பார்களே, அப்படி.

முட்டாள் கூட்டம். மீன்வாடையும் பயமும்தான் இவர்களுக்குச் சொத்து. டோகாஷி காறித் துப்பினான். அது கீழே விழுமுன் உறைந்தது. வெயில் மலைக்குப் பின்னே போய், ஏரியின் மேல் நீல நிறம் இறங்கிக்கொண்டிருந்தது. மாலை ஆகத்தானே வேண்டும், குளிர்காலம்.

இருந்தாலும் கயிற்றை இரண்டு முறை இழுத்தான். மேலே வா.

பதில் உடனே வரவில்லை. குமிழ்களைத் தேடினான். அவை இன்னும் நாணல் மேட்டுப் பக்கத்தில்தான், மங்கலாக, கூட்டமாக. அங்கிருந்து திரும்பி வர நேரம் ஆகும். அடுப்பில் இருந்த பன்றிக்கறி சூப்பை நினைத்தான். வந்ததும் அவனுக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்து, தின்கிற வரை திட்ட வேண்டும்.

துளையில் தண்ணீர் எழும்பியது.

ஒரு தலை. கறுப்புத் தலைமூடி, கண்ணாடி. மேற்குப் பக்கத்திலிருந்து வந்திருந்தது, குமிழ்கள் இருந்த கிழக்கிலிருந்து அல்ல. இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, துளையில் தொங்கவிட்டிருந்த ஏணியைத் தொடாமல், சிலிண்டர் எடையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுந்து நின்றது.

"அடேய், பறந்தா வந்தே?" டோகாஷி சிரித்தான். "எல்லாம் சரியா இருக்கா கீழ?"

தலை ஒரு முறை அசைந்தது. கை நீண்டது. இடுக்கியை டோகாஷியின் காலடியில் வைத்தது. அதன் பக்கத்தில், விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்து, அவனுடைய வலது கையுறையையும் வைத்தது. பிறகு கூடாரத்துக்குள் போய்விட்டது.

"உனக்கு நன்றி சொல்லணும்னு தோணலை, அவ்வளவுதான்" என்றான் டோகாஷி, கூடாரத் துணியைப் பார்த்து. "சூப்பை எடுத்துக் குடி. கிண்ணம் கவுத்து வெச்சிருக்கு."

கையுறையை எடுத்து மாட்டினான். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

உறையும் தண்ணீருக்குள் அரைமணி கிடந்த கையுறை. விரல்களை அசைத்துப் பார்த்தான். இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்தது போல. வெடுக்கென்று உருவிப் போட்டான். போட்டுவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டான்: கை மரத்துப்போனால் எதுவும் சூடாகத்தான் இருக்கும், கழுதைக்கு இது கூடவா தெரியாது.

அப்போதுதான் கவனித்தான். கூடாரம் வரை ஈரக் கால்தடங்கள். அந்தக் குளிரில் தண்ணீர் சொட்டினால் சொட்டிய இடத்தில் கண்ணாடிக் குமிழாகிவிடும். உடுப்பே மொறமொறவென்று ஓடு கட்டும். இந்தத் தடங்கள் உறையவில்லை. தண்ணீராகவே கிடந்தன, விளிம்பில் சற்றே நடுங்கியபடி. உசுகி மேலே வந்து நின்றபோது வாயிலிருந்து புகை வந்ததா? டோகாஷியின் மூச்சு தன் முகத்துக்கு முன்னால் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. அவனுடையது? ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்று சொல்லிக்கொண்டான். வரவில்லை என்று நன்றாகவே ஞாபகம் இருந்தது.

கயிறு.

கயிறு இன்னும் துளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"கொக்கியைக் கீழேயே கழட்டிப் போட்டுட்டு வந்தியா?" என்று கத்தினான். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. "பனிக்கு அடியில கயிறை விடுறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தாண்டா! நாளைக்கு டோக்கியோ ஆளுங்க முன்னாடி இதைப் பண்ணிராதே!"

கூடாரத்துக்குள் மண்ணெண்ணெய் அடுப்பின் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு நிழல் மட்டும், முதுகு நேராக, அசையாமல். உசுகி எப்போதும் கூன் போட்டு உட்கார்கிறவன். அதற்காக அவனை எத்தனை திட்டியிருக்கிறான்.

டோகாஷி கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். சுலபமாக வந்தது, வந்தது, நின்றது. ஏதோ வேரில் மாட்டியிருக்கும். மெதுவாக ஒரு முறை சுண்டினான்.

கயிறு ஒரு முறை சுண்டியது.

நலம்.

மீன், என்று நினைத்தான். நீரோட்டம். கெனேதோ ஏரியில் நீரோட்டம் இல்லை என்பது அவனுக்கே தெரியும். கையில் இருந்த கயிற்றை, சூடான பாத்திரத்தைப் பிடித்திருப்பவன் போல விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றான். கிழக்கே, நாணல் மேட்டுப் பக்கம், பனிக்கு அடியில் பச்சையாக ஏதோ மினுங்கியது. விளக்கு. கைதவறிய விளக்கு ஆழத்துக்குப் போகும். இது கூரையை ஒட்டி, நிதானமாக, அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் மேல் புதிய வெள்ளிக் காசுகள் ஒவ்வொன்றாக மலர்ந்தன.

யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கயிறு இரண்டு முறை இழுபட்டது. வருகிறேன். முன்பு கூப்பிட்டதற்குப் பதில் இப்போதுதான் வருகிறது. ஒழுங்கானவன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க மாட்டான்.

டோகாஷி கூடாரத்தைப் பார்த்தான். நிழல் அங்கேயே இருந்தது. ஏரியைப் பார்த்தான். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

இழுத்தான். இடுப்பு வலியை மறந்தான், மூக்கை மறந்தான், ஏரிக்கரையில் ஸ்கூட்டர் விளக்கு ஒன்று தயங்கி நின்று பின் போய்விட்டதையும் பார்த்தும் பாராமல் இழுத்தான். கயிறு கனமாக வந்தது. ஆள் கனம். "வா, வா, வா மாப்ள" என்று வாய் தானாக முணுமுணுத்தது. உசுகியை அவன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அதுவே முதல் முறை. காலுக்கு அடியில் வெளிச்சம் வந்தது. கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் கையுறை. கண்ணாடி முகமூடி. அதற்குள் கண்கள், அண்ணனைப் பார்த்துவிட்ட நிம்மதியில் சுருங்கிய கண்கள். துளைக்கு இன்னும் இரண்டு கை தூரம்.

மேற்கிலிருந்து ஒரு நிழல் கூரைக்கு அடியில் வழுக்கி வந்தது. மூன்று மூலை நிழல். அவசரமில்லாமல். துளையின் கீழே வந்து நின்றது, ஒரு மூலையைச் சற்றுத் திருப்பிக்கொண்டது, எழும்பியது.

டம்.

கட்டியைத் தள்ளியதிலிருந்து அவன் எதிர்பார்த்த சத்தம்.

கட்டி துளையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. முகம் மாறி. அவன் பூட்ஸ் தடம் பதிந்த பக்கம் கீழே போயிருந்தது. சுற்றிலும் இருந்த நூல் இடைவெளியில் தண்ணீர் கண்ணெதிரே வெளுத்து இறுகியது. கயிறு அதில் கடிபட்டு நின்றது.

மிதித்தான். குதித்தான். இடுக்கியை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தான். பனித்தூள் பறந்தது, அவ்வளவுதான். கீழே மஞ்சள் கைகள் கட்டியைத் தள்ளிப் பார்த்தன. விளிம்பைத் தடவின. திரும்பத் தடவின. பிறகு தட்டின, மெதுவாக. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் போல, தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சத்தோடு.

கட்டிக்கு மேலே நின்ற கயிற்றை இழுத்துப் பார்த்தான். கடிபட்டிருந்தாலும் நூல் அளவு அசைந்தது. ஒரு முறை இழுத்தான். நலமா? பைத்தியக்காரக் கேள்வி. வேறு கேள்வி அந்த மொழியில் இல்லை. விடாமல் இழுடா, என்று மனதுக்குள் கத்தினான். ஆபத்துன்னு சொல்லுடா. ஒரு தடவை. இந்த ஒரு தடவையாவது முடியலைன்னு சொல்லித் தொலைடா.

கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் அவனைப் பார்த்தன. அண்ணன் பயந்துபோயிருப்பது அவற்றுக்குத் தெரிந்தது.

கயிறு ஒரே ஒரு முறை இழுபட்டது.

நலம்.

ரம்பம். ரம்பம் வேண்டும். ரம்பத்தின் என்ஜின் குளிரில் உறையாமல் இருக்க அதைக் கூடாரத்துக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

டோகாஷி கயிற்றை விடவில்லை. மிச்சக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, பின்னால் விட்டுக்கொண்டே கூடாரத்துக்கு நடந்தான். ஓட முடியவில்லை. ஈரத் தடங்களை மிதிக்காமல் நடந்தான். துணியை விலக்கினான்.

சூடு முகத்தில் அடித்தது. அதோடு ஒரு வாடை. பல வருடம் மூடிக் கிடந்த ஜாடியின் அடித் தண்ணீர். அடுப்பில் சூப் வற்றித் தீய்ந்துகொண்டிருந்தது. கிண்ணம் கவிழ்த்தது கவிழ்த்தபடி. தரைப்பாயெல்லாம் தண்ணீர், இன்னும் பரவிக்கொண்டிருந்தது. துளையிலிருந்து ஏறி வந்த அது அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. உடுப்பைக் கழற்றவில்லை. ரம்பம் அதன் மடியில் இருந்தது, தூங்கும் பூனையைப் போல.

கீழே கிடந்த உசுகியின் கைபேசி அடித்துக்கொண்டிருந்தது. திரையில் மிட்சுயோ. அது தலையைச் சாய்த்து அந்தப் பெயரைப் படித்துக்கொண்டிருந்தது.

"உசுகி" என்றான் டோகாஷி.

கைபேசி அடித்தது.

"மாப்ள. அந்த ரம்பத்தைக் குடு."

அசைவில்லை. மணிக்கட்டில் கயிறு துடித்தது. ஒன்று. சற்றுக் கழித்து, பலவீனமாக, இன்னொன்று.

"நேரா ஒரு வார்த்தை சொல்லு." கயிறு சுற்றிய கையை நீட்டினான். "எனக்கு யாருமே நேரா ஒரு வார்த்தை சொல்லலை. நீ உசுகிதானே?"

அது திரும்பியது. கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தியிருந்தது. உசுகியின் முகம்தான். உசுகியின் இடது புருவத்து மச்சம். அந்தக் கை எழும்பியதை டோகாஷி பார்த்தான்; கழுத்தைத் தடவப் போகிறது, காற்றை உறிஞ்சி இழுக்கப் போகிறது என்று, கடவுளே, ஒரு கணம் நம்பினான். கை கழுத்துக்குப் போகவில்லை. கைபேசியை எடுத்துக் காதருகே கொண்டுபோனது. மணிக்கட்டில் கயிறு தொய்ந்தது.

டோகாஷியின் கண்களை நேராகப் பார்த்து, ஒரு தயக்கமும் இல்லாமல், உசுகியின் குரலிலேயே அது சொன்னது:

"இல்லை."